பூட்டிய மணிக்கூடும் லொக் சீட்டும்

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் இரவில் யாழ்ப்பாண பஸ்களுக்கு ஆள் ஏறும்போது விற்பனையாவது ஆசனம் மட்டுமல்ல, ஓர் இரவு நித்திரையும்தான். ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் பயணம். சாய்கதிரை, குளிரூட்டி, யன்னல் திரை எல்லாம் அந்த நித்திரைக்காகவே. அத்தனை பேரும் தூங்க ஒருவர் விழித்திருக்க வேண்டும். அவர் பகலில் எங்கே இருந்தார், எத்தனை மணித்தியாலமாகக் கண் திறந்திருக்கிறார் என்பதை யார் கணக்கு வைக்கிறார்கள்?

அமெரிக்காவில் அந்தக் கணக்கை இப்போது இயந்திரம் வைக்கிறது. 2017 டிசம்பர் 18 முதல் பெரும்பாலான தூர லொறிகளில் எஞ்சினோடு பிணைத்த மின்னணுப் பதிவுக்கருவி கட்டாயம். சக்கரம் உருண்டதும் அது தானாகவே ‘ஓட்டுகிறார்’ என்று எழுதத் தொடங்கிவிடும். பத்து மணித்தியால ஓய்வுக்குப் பின் வேலை தொடங்கினால், அடுத்த பதினான்கு மணித்தியாலத்துக்குள் பதினொன்றுதான் ஓட்டலாம். கனடாவின் கூட்டரசு விதியும் 2021 ஜூனில் அதே வழிக்கு வந்தது. இந்தக் கருவியை ஏமாற்ற முடியுமா என்று லொறிச் சாரதிகள் அன்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஏமாற்ற வழிகள் உண்டு. ஆனால் அந்தக் கேள்விக்கு வயது அதிகம், கொழும்பிலும் அதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

முதலில் வந்தது மணிக்கூடு. 1784இல் பிரித்தானியாவில் தபால் வண்டிகள் ஓடத் தொடங்கியபின், வண்டிக் காவலரிடம் பூட்டிய பெட்டிக்குள் ஒரு மணிக்கூடு கொடுத்தனுப்பும் வழக்கம் வந்தது. முள்ளைத் தொட அவரால் முடியாது. ஒவ்வொரு தபால் நிலையத்திலும் வந்த நேரம் ஒரு தாளில் ஏறும். ஊருக்கு ஊர் நேரம் வேறுபட்ட காலம் அது. கிழக்கே போகும் வண்டிக்கும் மேற்கே போகும் வண்டிக்கும் மணிக்கூட்டின் வேகத்தைக்கூட மாற்றி வைத்தார்கள். அந்தக் காலத்துக்கு அபாரமான ஏற்பாடுதான். ஆனால் அது காவல் காத்தது தபாலை. குதிரை மாற்ற எத்தனை நிமிடம் என்பதற்குக் கணக்கிருந்தது, வண்டியோட்டி கண்ணயர எத்தனை மணி என்பதற்கு இல்லை. 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே தபால் வண்டி ஓடத் தொடங்கியது. ஆசியாவிலேயே முதலாவது என்று இலங்கையில் பெருமையாகச் சொல்லப்படும் வண்டி அது.

அந்த வீதியிலேயே கோப்பி மூட்டை ஏற்றி மாட்டுவண்டிகள் நாட்கணக்கில் ஊர்ந்தன. 1867இல் ரயில் கண்டியை எட்டியதும் தூர வண்டித் தொழில் சுருங்கி, கொழும்புத் துறைமுகத்தையும் புறக்கோட்டையையும் கொட்டாஞ்சேனைப் பக்கத்துப் பண்டசாலைகளையும் சுற்றி நிலைகொண்டது. 1906இல் கொழும்பு வண்டிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். காரணம் கூலி அல்ல, வண்டியை எப்படி ஓட்டவேண்டும் என்று மாநகரசபை போட்ட விதி. நகரம் சில நாள் சரக்கில்லாமல் திணறியது. இலங்கைத் தொழிலாளர் வரலாற்றில் இதற்கு ஓரிரு பக்கங்கள்தான் கிடைத்திருக்கின்றன. வீதியில் ஓட்டுபவரின் உடம்பை விதியால் கட்டுவதா என்ற சண்டை இந்த நகரத்தில் அப்போதே தொடங்கிவிட்டது என்பதற்காகவாவது இன்னும் சில பக்கங்கள் கொடுத்திருக்கலாம்.

மோட்டார் வந்தபின்தான் சாரதியின் களைப்பு சட்டப் புத்தகத்துக்குள் நுழைந்தது. பிரித்தானியாவின் 1930ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டம், தொடர்ந்து ஐந்தரை மணித்தியாலம், ஒரு நாளில் பதினொரு மணித்தியாலம் என்று எல்லை போட்டது. 1939இல் சர்வதேச தொழில் அமைப்பு ஒவ்வொரு சாரதிக்கும் தனிப் பதிவுப் புத்தகம் வேண்டும் என்று ஒரு சமவாயமே இயற்றியது. ஏற்று ஒப்பமிட்ட நாடுகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

கொழும்பில் அப்போது கவலை வேறாக இருந்தது. ஒரே வீதியில் பல முதலாளிகளின் பஸ்கள், ஆளுக்காக ஒன்றையொன்று துரத்தின. 1942இன் கட்டளைச் சட்டம் வழித்தடங்களைப் பிரித்துக் கொடுத்தது. காலி வீதி சிரில் டி சொய்சாவின் சவுத் வெஸ்டர்ன் கொம்பனியின் கோட்டையானது. துரத்தல் குறைந்தாலும் முறைப்பாடுகள் குறையவில்லை. 1948இல் ரட்ணம், 1954இல் சன்சோனி, 1956இல் ஜயரத்ன பெரேரா என்று அறிக்கைக்கு மேல் அறிக்கை வந்தது. 1958 ஜனவரி முதலாம் திகதி பஸ் எல்லாம் அரசுடைமை. மைத்திரிபால சேனாநாயக்க அமைச்சர், வியர் டி மெல் போக்குவரத்துச் சபைத் தலைவர். அன்றோடு சாரதி மாதச் சம்பளக்காரர் ஆனார். டிப்போ, வேலை முறை, மேலதிக நேரம், தொழிற்சங்கம் எல்லாம் வந்தன. மேலதிக நேரத்துக்குக் காசு உண்டு என்றால் நேரத்தை எழுதித்தான் ஆகவேண்டும். சாரதியின் மணித்தியாலத்தை எழுதுவதால் சாரதிக்கே ஆதாயம் கிடைத்த காலம் அதுதான்.

அது நீடிக்கவில்லை. 1979இல் தனியார் பஸ்கள் திரும்ப வந்தன. இம்முறை பெரிய கொம்பனிகள் அல்ல, ஒரு பஸ், இரண்டு பஸ் வைத்திருக்கும் முதலாளிகள். நாள் முடிவில் முதலாளிக்கு இவ்வளவு, மீதியில் சாரதிக்கும் நடத்துனருக்கும் இவ்வளவு என்பது தொழிலின் பொது வழக்கம். இன்னொரு ட்ரிப் அடித்தால் இன்னும் கொஞ்சம் காசு. 1991இன் சட்டத்தால் வந்த தேசிய போக்குவரத்து ஆணைக்குழு மாகாணங்களுக்கிடையே ஓடும் பஸ்களுக்குப் பாதை அனுமதியும் லொக் சீட்டும் வைத்தது. பஸ் நிலையத்தில் டைம் கீப்பர் ஒப்பமிட்டால்தான் பஸ் நகரும்.

லொக் சீட் இல்லாமல் ஓடி பிடிபடுவது குற்றம். ஆனால் அந்தத் தாளின் முதல் அக்கறை முறை: எந்த பஸ் முதலில், எது பின்னால், யாருடைய நேரத்தை யார் தின்றுவிட்டார் என்பது. டைம் கீப்பரைச் சுற்றிய சண்டைகள் எல்லாம் ஐந்து நிமிடத்துக்காக நடப்பவை. தாளில் இரண்டு சாரதிகளின் பெயர் இருக்கலாம். பின் ஆசனத்தில் படுத்திருப்பவர் அந்த இரண்டாவது சாரதியா, கிளீனரா என்று தாள் சொல்லாது. 1784இன் பூட்டிய மணிக்கூடு போலத்தான் இதுவும்: வண்டி நேரத்துக்குப் போகிறதா என்று பார்க்கிறது, ஓட்டுகிறவரைப் பார்ப்பதில்லை.

யாழ்ப்பாண வழியில் இன்னொரு விசித்திரம். 2002 முதல் 2006 ஆகஸ்டு வரை ஏ9 திறந்திருந்த நாட்களில் ஓமந்தை, முகமாலைச் சோதனைச் சாவடிகள்தான் மணிக்கூடு. சாவடி மூடிவிட்டால் சாரதி விரும்பினாலும் ஓட்ட முடியாது, லொறி நின்றே ஆகவேண்டும். ஓய்வு கிடைத்தது, ஆனால் அப்படிப்பட்ட ஓய்வை எவரும் கேட்டு வாங்கியதில்லை. போர் முடிந்து 2010 வாக்கில் இரவும் பகலும் வழி திறந்ததும் அந்தத் தடைகள் போயின. வெள்ளவத்தை இரவு பஸ்கள் பெருகியது அதன் பிறகுதான்.

ஏமாற்றும் கலைக்கு வருவோம். அமெரிக்கச் சாரதிகள் பழைய கடதாசி லொக் புத்தகத்தை ‘சித்திரக்கதைப் புத்தகம்’ என்றே அழைத்தார்கள். இரண்டு புத்தகம் வைத்து, பொலிசுக்கு ஒன்று, தனக்கு ஒன்று. ஐரோப்பா 1970இல் வட்டத் தாளில் வேகம் கீறும் டாக்கோகிராஃபைக் கட்டாயமாக்கியபோது பிரித்தானியத் தொழிற்சங்கங்கள் அதை ‘வண்டிக்குள் உளவாளி’ என்று எதிர்த்தன. பிரித்தானிய அரசும் இழுத்தடித்து, 1979இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் தோற்றபின்தான் பணிந்தது. 2006இல் அந்தக் கருவி இலக்கமயமானதும் சிலர் கியர்பெட்டியின் உணரிமேல் காந்தம் வைத்தார்கள். வண்டி நெடுஞ்சாலையில் பறக்கும், கருவி ‘ஓய்வு’ என்று எழுதும். பிரேக்கும் வேகக் கட்டுப்பாடும் சேர்ந்து குழம்பிப்போகும் ஆபத்து அதில் உண்டு. நித்திரையின்மையை மறைக்கப் பிரேக்கையே பணயம் வைப்பதற்குப் பெயர் கெட்டித்தனம் அல்ல.

மின்னணுக் கருவிக்குக் காந்தம் தேவையில்லை. இல்லாத ஒரு துணைச்சாரதியின் பெயரில் நுழையலாம். ‘சொந்தப் பயணம்’ என்று பதியலாம். 2000க்கு முந்திய எஞ்சின்களுக்கு விலக்கு இருப்பதால் பழைய லொறிக்குத் திடீர் மதிப்பு வந்தது. எல்லாவற்றையும்விட மோசமானது, கொம்பனி அலுவலகத்திலிருந்தே பதிவைத் திருத்துவது. அப்போது ஏமாற்றுகிறவர் சாரதியே அல்ல.

ஏமாற்றாதவர்கள் செய்ததுதான் அதிகம் யோசிக்க வைக்கிறது. கருவி கட்டாயமானபின் அமெரிக்காவில் ஸ்கொட், பால்த்ரொப், மில்லர் என்ற மூன்று ஆய்வாளர்கள் பதிவுகளை ஆராய்ந்தார்கள். மணித்தியால விதிமீறல் குறைந்தது. விபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. சிறு கொம்பனிச் சாரதிகள் வேகமாக ஓட்டத் தொடங்கியிருந்தார்கள். மைலுக்கு இவ்வளவு என்று கூலி. பண்டசாலை வாசலில் காத்திருக்கும் நேரத்துக்குப் பெரும்பாலும் கூலி இல்லை, ஆனால் அந்தப் பதினான்கு மணித்தியாலம் அங்கேயும் கரைகிறது. கரைந்ததை வீதியில் பிடிக்கிறார்கள். 1938இன் அமெரிக்கத் தொழில் சட்டம் லொறிச் சாரதிகளுக்கு மேலதிக நேரக் கொடுப்பனவையே விலக்கி வைத்தது, அந்த விலக்கு இன்னும் நிற்கிறது. கொட்டாஞ்சேனைக்கு அருகே புளூமெண்டல் வீதியில் கொள்கலன் லொறிகள் வரிசையில் நிற்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ட்ரிப் கணக்கில் ஓடுபவருக்கு வரிசையில் போன பகல் இரவில்தான் திரும்பக் கிடைக்கும்.

இதெல்லாம் கூலியின் குற்றம் மட்டுமே என்று முடித்துவிடவும் முடியாது. 2025 மே 11 அதிகாலை கொத்மலை கெரண்டி எல்லவில் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது, மாதச் சம்பளத்துக்கு ஓட்டும் இலங்கைப் போக்குவரத்துச் சபையின் பஸ். கதிர்காமத்திலிருந்து குருநாகலுக்குப் போய்க்கொண்டிருந்தது. அதன்பின் சாரதியின் கண் மூடினால் ஒலியெழுப்பும் செயற்கை நுண்ணறிவுக் கமராக்கள் பற்றி அரசு பேசத் தொடங்கியது. சக்கரத்தை விட்டு மனிதரின் கண்ணைப் பார்க்கும் கருவி என்ற வகையில் இது புதியது, வரவேற்கத்தக்கதும்கூட. ஆனால் நள்ளிரவு ஒரு மணிக்கு மதவாச்சி தாண்டி அந்தக் கமரா கத்தினால், வவுனியாவில் வண்டியை வாங்கிக்கொள்ள இன்னொரு சாரதி நிற்பாரா, அவருடைய சம்பளம் யார் கணக்கில் என்பதை யாராவது இப்போதே எழுதி வைக்க வேண்டும்.