கால் மைல் ரேஸ்... நாலு பேரல் கார்பரேட்டரை ட்யூன் பண்றது எப்படி?

பச்சை லைட் எரிஞ்சதும் ஆக்ஸிலரேட்டரை ஒரே மிதி. கார் சீறிப் பாயணும்தானே? ஆனா ஒரு நொடி திணறிட்டு, அப்புறம்தான் கிளம்புது. அதுக்குள்ள பக்கத்து லேன் கார் பறந்து போயிடுச்சு! இந்த மாதிரி நேரத்துல முதல்ல சந்தேகப்பட வேண்டியது, கார்பரேட்டரை.

அமெரிக்க டிராக் ரேஸின் பாரம்பர்ய தூரம் கால் மைல். அதாவது 1,320 அடி. சுமார் 402 மீட்டர். அங்கே பல வி8 இன்ஜின்களின் மேல் உட்கார்ந்திருப்பது நாலு பேரல் கார்பரேட்டர். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நாலு காற்றுக் குழாய்கள். ப்ரோ ஸ்டாக் பிரிவு 2016-ல் ஃப்யூல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிடுச்சு. ஆனா, வார இறுதி ரேஸர்கள் பலர் இன்னும் ஹோலி கார்பரேட்டரை விடலை.

இக்னிஷன் டைமிங்கைச் சரிபார்த்துட்டு, இந்த வரிசையில் போங்க.

1. ஃப்ளோட் லெவல்: காரைச் சமதளத்தில் நிறுத்துங்க. பக்கவாட்டில் திருகி மூடிய துளை இருக்கும் மாடல்களில், பெட்ரோல் அந்தத் துளையின் கீழ்விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிக்கணும். சூடான இன்ஜின் மேல பெட்ரோல் சிந்தினா ஆபத்து. தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

2. ஐடிலிங்: மிக்ஸர் ஸ்க்ரூக்களை மெதுவா உள்ளே திருகி, முட்டியதும் ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்க. இன்ஜின் சூடானதும் வேக்கம் கேஜைப் பார்த்து, எல்லா ஸ்க்ரூவையும் ஒரே அளவில் கொஞ்சம் கொஞ்சமா திருப்புங்க. முள் அதிகபட்சம் காட்டும் இடம்தான் சரியான இடம்.

3. ஸ்டார்ட்டிங் திணறல்: ஆக்ஸிலரேட்டரை மிதிச்ச அந்த நொடியே பெட்ரோல் பீய்ச்சணும். பம்ப் லிவரில் லூஸ் இருக்கக் கூடாது. திணறினா பெரிய ஸ்க்வர்ட்டர். கறுப்புப் புகை கக்கினா சின்னது.

4. மெயின் ஜெட்: பெட்ரோல் தாராளமா போற பெரிய ஜெட்டில் ஆரம்பிச்சு, இரண்டு நம்பர், இரண்டு நம்பரா குறைங்க. டைம் ஸ்லிப்பில் எத்தனை விநாடி என்பதைவிட, எல்லைக் கோட்டில் எத்தனை வேகம் என்பதைப் பாருங்க. ஸ்டார்ட்டில் டயர் வழுக்கினா விநாடிக் கணக்கு மாறிடும். வேகம், இன்ஜினின் பலத்தை நேர்மையா சொல்லும். அது குறைஞ்சா, பழைய ஜெட்டுக்கே திரும்பிடுங்க.

இங்கேதான் ஒரு பொறி இருக்கு. 'இன்னும் ஒரு நம்பர் குறைச்சா இன்னும் வேகம் கிடைக்குமே'ங்கிற ஆசை! பெட்ரோல் அதிகமானா வேகம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ரொம்பக் குறைஞ்சா வெப்பம் எகிறி பிஸ்டனே உருகலாம். அதனால, ஓட்டம் முடிஞ்சதும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பாருங்க. கறுப்புக் கரி படிஞ்சிருந்தா பெட்ரோல் அதிகம். வெள்ளைப் பீங்கான் கொப்புளித்திருந்தா, அன்னைக்கு ரேஸ் போதும்!

இன்னொண்ணு, காலையில் பிடிச்ச ட்யூன் மதிய வெயிலில் சரியா இருக்காது. சூடான காற்றில் அடர்த்தி குறைவு. மலை ஏறினாலும் இதே கதைதான். டென்வர் அருகே 2023 வரை இயங்கிய பாண்டிமியர் டிராக், கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,800 அடி உயரத்தில் இருந்தது. அங்கே போறவங்க ஜெட்டைச் சின்னதாக்க வேண்டியிருந்தது இதனாலதான்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் பண்ணுங்க. ஜெட் நம்பர், வெயில், வேகம் எல்லாத்தையும் நோட்டில் எழுதி வைங்க. அடுத்த ரேஸில் உங்களுக்குக் கைகொடுக்கப்போவது அந்த நோட்டுதான்!