கேமராவும் லினக்ஸும் பேசக் கற்ற கதை

 

அலமாரியைச் சுத்தம் செய்தபோது பழைய டிஜிட்டல் கேமரா ஒன்று கிடைத்தது. அதோடு வந்த மென்பொருளைத் தயாரித்தவர்களே எப்போதோ கைவிட்டுவிட்டார்கள். லினக்ஸ் உள்ள என் மடிக்கணினியில் கேபிளைச் செருகினேன். எதையும் நிறுவவில்லை. சிறிது நேரத்தில் படங்கள் வரிசையாக வந்து நின்றன. இது எப்படிச் சாத்தியமானது என்பதற்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது.

1990களில் விற்பனைக்கு வந்த டிஜிட்டல் கேமராக்களில் பல, சீரியல் போர்ட் வழியாகத்தான் கணினியோடு இணைந்தன. அந்தப் போர்ட்டின் வேகம் அதிகபட்சம் விநாடிக்கு 1,15,200 பிட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பைட்டை அனுப்ப 10 பிட் செலவாகும். அதாவது விநாடிக்குச் சுமார் 11,500 பைட். கணக்குப் போட்டால், 1 எம்.பி. அளவுள்ள ஒரே ஒரு படம் வந்து சேர ஒன்றரை நிமிடம் ஆகும்!

வேகத்தைவிடப் பெரிய சிக்கல் மொழி. 'உன்னிடம் எத்தனை படம் இருக்கிறது?', 'மூன்றாவது படத்தைக் கொடு' என்று கேமராவிடம் கேட்க ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனிக் கட்டளைகளை வைத்திருந்தது. விண்டோஸுக்கும் மேக்குக்கும் மென்பொருள் கொடுத்தார்கள். லினக்ஸ் பயன்படுத்துவோரைப் பெரும்பாலும் கண்டுகொள்ளவில்லை.

1990களின் இறுதியில் தன்னார்வ நிரலாளர்கள் சிலர் சேர்ந்து தொடங்கியதுதான் ஜிஃபோட்டோ திட்டம். கையேடு கிடைக்காத கேமராக்களுக்கு இத்தகைய நிரலாளர்கள் கையாண்ட வழி எளிமையானது, ஆனால் பொறுமையைச் சோதிப்பது. கேமராவும் அதன் சொந்த மென்பொருளும் பேசிக்கொள்ளும்போது கேபிளில் போகும் பைட்டுகளைப் பதிவு செய்வார்கள். ஒரு படத்தை அழித்தால் எந்த எண் மாறுகிறது, இரண்டு படம் எடுத்தால் எது கூடுகிறது என்று ஒப்பிடுவார்கள். அகராதியே இல்லாத ஒரு மொழியை, ஊர்க்காரர் இருவர் பேசுவதைக் கேட்டே கற்பது போன்ற வேலை இது.

பிறகு யுஎஸ்பி பரவியது. 2001 ஜனவரியில் வந்த லினக்ஸ் கெர்னல் 2.4 அதற்கு நல்ல ஆதரவு தந்தது. நிறுவனங்களும் பொதுத் தரங்களுக்கு வரத் தொடங்கியிருந்தன. மெமரி கார்டில் டிசிஐஎம் என்ற ஃபோல்டரைப் பார்த்திருப்பீர்கள். அந்த அமைப்பு 1998இல் ஜப்பானில் வகுக்கப்பட்டது. படங்களைக் கைமாற்றுவதற்கான பிடிபி என்ற பொது நெறிமுறை 2000இல் வெளியானது. ஆகவே நிறுவனங்களைக் குறை மட்டும் சொல்வது நியாயமல்ல.

தரம் வந்த பிறகும் தவறுகள் இருந்தன. தங்களைப் பென்டிரைவ் போலக் காட்டிக்கொண்ட கேமராக்கள் சிலவற்றிடம் 'உன் கடைசிப் பகுதியின் எண் என்ன?' என்று கணினி கேட்கும். எண்ணிக்கை 0இலிருந்து தொடங்குவதால், 1000 பகுதிகள் இருந்தால் 999 என்பதே சரியான விடை. அவையோ 1000 என்று சொல்லும். இல்லாத அந்த ஒரு பகுதியைத் தேடிப் போய்க் கணினி தடுமாறும். வகுப்பில் பிள்ளைகள் செய்யும் அதே பிழைதான்! இப்படி விதியிலிருந்து விலகும் கருவிகளுக்கென்றே லினக்ஸ் கெர்னலில் ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் பல கேமராக்களின் பெயர்களைக் காணலாம்.

அடுத்தது, ரா கோப்புகள். கேமராவின் சென்சார் பதிவு செய்ததைப் பெரும்பாலும் அப்படியே சேமிக்கும் வடிவம் இது. நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். 1997இல் டேவ் காஃபின் என்ற அமெரிக்க நிரலாளர் இவற்றைப் படிக்க டிசிரா என்ற நிரலை எழுதத் தொடங்கினார். முழு நிரலும் ஒரே சி மொழிக் கோப்பு. காலப்போக்கில் அது நூற்றுக்கணக்கான கேமராக்களின் கோப்புகளைப் படித்தது.

2005இல் ஒரு சர்ச்சை வெடித்தது. குண்டு பல்பின் கீழே வெள்ளைச் சட்டை மஞ்சளாகத் தெரியும் அல்லவா? அதைச் சரிசெய்ய உதவும் அளவைக் கேமரா குறித்து வைக்கும். நிக்கான் தன் டி2எக்ஸ் கேமராவில் அந்த அளவைச் சங்கேதமாக்கிப் பூட்டியது. ஃபோட்டோஷாப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான தாமஸ் நோல் இதை வெளிப்படையாக எதிர்த்தார். பூட்டை உடைத்தால் அமெரிக்கச் சட்டத்தில் சிக்க நேரிடும் என்ற கவலை அடோபிக்கு இருந்தது. தகுதியான மென்பொருள் நிறுவனங்களுக்குத் தன் கருவித்தொகுப்பைத் தருவதாக நிக்கான் விளக்கம் சொன்னது. காஃபினோ அந்தச் சங்கேதத்தை அவிழ்த்து, விடையை டிசிராவிலேயே எழுதி, எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிட்டார்.

படம் எடுத்தவர் நாம். அதில் பதிந்திருக்கும் ஓர் எண்ணைப் படிக்க நாம் ஏன் இன்னொருவரிடம் அனுமதி கேட்க வேண்டும்? அன்று எழுந்த கேள்வி இதுதான்.

டிசிராவின் கடைசிப் பதிப்பு 2018இல் வந்தது. ஆனால் அதன் வழிவந்த லிப்ரா என்ற நிரல்தொகுப்பு இன்று பல மென்பொருள்களுக்குள் வேலை செய்கிறது. ஜிஃபோட்டோ 2500க்கும் மேற்பட்ட கேமராக்களோடு பேசுகிறது. நிறுவனம் கைவிட்டாலும் இவற்றின் மூலநிரல் எல்லோர் கையிலும் இருக்கிறது. தேவைப்படுபவர் எடுத்துத் திருத்திக்கொள்ளலாம். என் பழைய கேமராவின் படங்கள் திறந்தது அதனால்தான்.

உங்கள் வீட்டிலும் பழைய கேமரா கிடக்கலாம். 'மென்பொருள் இல்லை, இனி உதவாது' என்று பழைய பொருள்காரரிடம் போட்டுவிடாதீர்கள். கேபிளைத் தேடி எடுத்து, லினக்ஸ் வைத்திருக்கும் ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். இறந்துபோன உறவினர் ஒருவரின் சிரித்த முகம் அதற்குள் இருக்கக்கூடும்.