குத்து: ஒரு சொல்லோட கதை

கோவில்பட்டிப் பக்கம் கோயில் கொடையில நையாண்டி மேளம் களைகட்டும்போது கூட்டத்துலருந்து ஒரு குரல் வரும்: "அண்ணே, ஒரு குத்து வாசிங்கண்ணே!" அந்தச் சொல்லைப் பத்தித்தான் இன்னைக்குப் பேசப்போறோம்.

குத்தும் கூத்தும் ஒண்ணுன்னு பலர் நினைக்கிறாங்க. இல்லை. கூத்து ரொம்பப் பழைய சொல். சங்கப் பாட்டுலயே கூத்தர் வர்றாங்க. சிலப்பதிகாரத்துல மாதவி 11 வகை ஆடல் ஆடுறா. குத்துங்கிறது வேற. ஓங்கி இடிக்கிறது. கடையில 'கைக்குத்தல் அரிசி' வாங்குறோமே, அதே குத்துதான்.

கரிசக்காடு மானாவாரி பூமி. நெல்லைவிடக் கம்பும் சோளமும்தான் அந்தக் காலத்துல அன்னாடச் சாப்பாடா இருந்துச்சு. ரெண்டு பொம்பளைங்க ஒரே உரல்ல மாத்தி மாத்தி உலக்கை போட்டா, அதுவே ஒரு தாளம். அந்த வேலைக்குன்னு தனிப்பாட்டே இருந்திருக்கு, பேரு வள்ளைப்பாட்டு. சிலப்பதிகாரத்துலயே அது இருக்கு. உலக்கை உரல்ல விழுற மாதிரி கால் மண்ணுல விழுந்தா, அந்த ஆட்டத்துக்குக் குத்துன்னு பேர் வந்ததுல ஆச்சரியம் என்ன?

'டப்பாங்குத்து'ன்னு வாய்விட்டுச் சொல்லிப் பாருங்க. சொல்லே தாளமா விழும். அதுல வர்ற 'குத்து' நம்மளோடது.

இதே வட்டாரத்துல, எட்டயபுரம் பக்கம் ஜமீன் கோடாங்கிபட்டியில கம்பளத்து நாயக்கர்கள் ஆடுறது தேவராட்டம். பாட்டுக் கிடையாது, தேவதுந்துபி அடிக்கு அடவு மாறும். இன்னொண்ணு ஒயிலாட்டம், ஒயில்னா அழகு, நளினம். ஒரு ஆட்டத்துக்குத் தேவர் பேரு, ஒண்ணுக்கு அழகோட பேரு. குத்துக்கு மட்டும் உழைப்போட பேரு.

அதனாலதானோ என்னவோ, அதை ரொம்ப நாளா 'லோக்கல்'னு ஒதுக்கி வச்சாங்க. பறையும் உறுமியும் அடிச்ச கைகள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்டவங்களோட கைகள். கலையைத் தாழ்த்தினதுக்குப் பின்னால சாதியும் இருந்துச்சு. அப்புறம் சினிமா அதைத் தூக்கிக்கிச்சு. 2004-ல 'குத்து'ன்னே ஒரு படம் வந்துச்சு. அதே வருஷம் 'கில்லி'யோட 'அப்படிப் போடு' ஊரையே ஆட வச்சுச்சு. சொல்லுக்கு மவுசு வந்துச்சு. மேளக்காரருக்கு அதே அளவு வந்துச்சான்னு நீங்களே யோசிச்சுப் பாருங்க.

கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல்காரர் கி.ராஜநாராயணன், 1982-ல கரிசல் வட்டாரச் சொற்களுக்குன்னே ஒரு அகராதி கொண்டுவந்தார். பேச்சுமொழின்னு தள்ளின சொற்களுக்கு அதுல மரியாதையான இடம் கிடைச்சது. குத்துக்கும் அந்த மரியாதை வேணும். அடுத்த தடவை யாராவது "வெறும் குத்துப்பாட்டு"ன்னு சொன்னா, உலக்கைச் சத்தத்தை ஒரு நிமிஷம் நினைச்சுக்கோங்க.