அம்பரப்பர் மலையும் ஓர் அயனிக் கணக்கும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு ஏறினால் இடுக்கி மாவட்டம். ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்கள் ஜீப்பில் போய்வரும் பாதை அது. அதே மலைத்தொடரின் கிழக்கு அடிவாரத்தில், தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தை ஒட்டி நிற்கிறது அம்பரப்பர் மலை. இந்திய நியூட்ரினோ ஆய்வுக்கூடத்துக்கு இந்த மலையைக் குடையப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோது, சுற்றுவட்டாரத்தில் எழுந்த முதல் கேள்வி: ஆராய்ச்சி செய்ய மலை எதற்கு?

விடை, அணுக்களோடு மோதும் துகள்கள் பற்றிய ஒரு பழைய கணக்கில் இருக்கிறது.

மின்னூட்டம் உள்ள துகள் ஒரு பொருளுக்குள் பாயும்போது, வழியிலுள்ள அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைத் தட்டிவிட்டுக்கொண்டே போகும். எலக்ட்ரானை இழந்த அணு அயனியாகிறது. தட்டிய துகளோ ஒவ்வொரு முறையும் தன் ஆற்றலில் கொஞ்சம் சுங்கம் கட்டுகிறது. இந்த இழப்பை 1913இல் நீல்ஸ் போர் பழைய இயக்கவியலை வைத்துக் கணக்கிட்டார். குவாண்டம் இயக்கவியல் வந்தபின், 1930இல் ஹான்ஸ் பெத்தே அதைப் புதிதாக எழுதினார். மெதுவாகப் போகும் துகள் அணுவின் அருகே அதிக நேரம் இருப்பதால் அதிகம் இழக்கும். ஒளிவேகத்தை நெருங்கும் துகளுக்கு இழப்பு வெகுவாகக் குறைந்து, ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கும். தண்ணீரில் அது சென்டிமீட்டருக்குச் சுமார் 2 மெகா எலக்ட்ரான் வோல்ட்.

இந்தக் கணக்கை இந்தியாவில் பாறையில் சோதித்துப் பார்த்த இடம் கோலார் தங்கவயல். வானிலிருந்து ஓயாமல் பொழியும் மின்னூட்டமுள்ள துகள்களான மியூவான்கள் பூமிக்குள் எவ்வளவு ஆழம் போகின்றன என்று பி.வி. ஸ்ரீகண்டன் 1950களின் தொடக்கத்தில் அங்கே அளந்தார். அனுப்பிவைத்தவர் ஹோமி பாபா. வட ஆற்காட்டுத் தமிழர்கள் பெருமளவில் உழைத்த அந்தச் சுரங்கத்தில், 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், மியூவான் இரைச்சல் அநேகமாக அடங்கிப்போனது. 1965இல் அங்கேதான் வளிமண்டல நியூட்ரினோவின் தடயம் பிடிபட்டது. பிடித்துக் கொடுத்த கருவிகளில் ஒன்று நியான் குழாய்: உள்ளே அயனியாக்கம் நடந்தால் பளிச்சிடும்.

1990களின் தொடக்கத்தில் அங்கே ஆய்வுகள் நின்றன. 2001இல் சுரங்கமே மூடப்பட்டது. புதிய ஆய்வுக்கூடத்துக்கு முதலில் பார்த்த இடம் நீலகிரியின் சிங்காரா. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டியிருந்ததால் 2009இல் அனுமதி கிடைக்கவில்லை. அதன்பின் வந்ததுதான் பொட்டிப்புரம்.

இங்கே மலை உறுதியான சார்னோகைட் பாறை. எப்பக்கமும் ஒரு கிலோமீட்டர் பாறை இருந்தால், அதைத் துளைத்து வர ஒரு மியூவான் அயனியாக்கத்துக்கு மட்டுமே 500 கிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் இழக்க வேண்டும். அவ்வளவு ஆற்றலோடு வருபவை மிகக் குறைவு. நியூட்ரினோவுக்கோ மின்னூட்டம் கிடையாது. ஆகவே இந்த இழப்பும் கிடையாது. மலை மியூவான்களை வடிகட்டும், நியூட்ரினோவை விட்டுவிடும்.

சுமார் 2 கிலோமீட்டர் சுரங்கப்பாதையின் முடிவில் 50,000 டன் காந்த இரும்பை வைப்பது திட்டம். 5.6 சென்டிமீட்டர் தடிப்புள்ள தகடுகள். இடையிடையே 2 மில்லிமீட்டர் இடைவெளியில் வாயு அடைத்த கண்ணாடிப் பெட்டிகள். நியூட்ரினோ இரும்பில் மோதிப் பிறக்கும் மியூவான், ஒவ்வொரு தகட்டிலும் குறைந்தது 60 மெகா எலக்ட்ரான் வோல்ட் இழக்கும். வாயுவில் சில எலக்ட்ரான்களை உதிர்க்கும். சுமார் 10,000 வோல்ட் அழுத்தத்தில் அந்தச் சில எலக்ட்ரான்கள் பெருகி, மின்துடிப்பாகும். இத்தனை மெல்லிய வாயு அடுக்கில் சராசரியை நம்ப முடியாது, இழப்பு தாறுமாறாக ஏறி இறங்கும் என்பதை 1944இலேயே லெவ் லாண்டாவ் காட்டியிருந்தார்.

2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை சுமார் 1,500 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. அதற்கு முன்பே எல்லையின் இரு பக்கமும் எதிர்ப்பு கிளம்பியிருந்தது. கேரளத்தின் முன்னாள் முதல்வர் வி.எஸ். அச்சுதானந்தன், இடுக்கி, முல்லைப் பெரியாறு அணைகளுக்கு ஆபத்து வரலாம் என்றார். வைகோ மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போனார். ‘பூவுலகின் நண்பர்கள்’ என்ற சூழலியல் அமைப்பினர் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். அங்கே இன்னோர் அளவு முன்னுக்கு வந்தது. இடுக்கியின் மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா திட்ட இடத்திலிருந்து 4.9 கிலோமீட்டரில் இருந்தது. 5 கிலோமீட்டருக்குள் வந்தால் விதிகள் கடுமை. 2017 மார்ச்சில் சுற்றுச்சூழல் அனுமதி நிறுத்தி வைக்கப்பட்டது. 2018இல் மத்திய அரசு மறுபடி அனுமதி தர, வனவிலங்கு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும் என்றது தீர்ப்பாயம். 2022 பிப்ரவரியில், மேற்குத் தொடர்ச்சி மலையையும் புலிகளின் வழித்தடத்தையும் காரணம் காட்டி, திட்டத்தை அனுமதிக்க மாட்டோம் என்று தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.

இதற்கிடையே மதுரையில், திட்டமிட்ட இரும்புக் கருவியின் 85 டன் எடையுள்ள ஒரு சிறு மாதிரி திறந்த வானின் மியூவான்களைப் பதிவு செய்துவருகிறது. அதைச் சுற்றி துகள் பாய்ந்தால் ஒளிரும் பிளாஸ்டிக் பட்டைகளை அடுக்கி, வெளியிலிருந்து வரும் மியூவான்களில் 99.99 சதவீதத்தை அடையாளம் கண்டு ஒதுக்க முடியுமா என்று பார்ப்பது அங்குள்ளவர்களின் முயற்சி. அது கைகூடினால், ஒரு கிலோமீட்டர் பாறைக்குப் பதில் சுமார் 100 மீட்டர் ஆழமே போதும் என்பது அவர்கள் கணக்கு.