டெங்குக் குழந்தையின் சிறுநீரகமும் ‘இயல்பு’ என்று அச்சாகும் எண்ணும்

டெங்குவால் குழந்தைகளின் சிறுநீரகம் பாதிக்கப்படுவது அரிது என்ற கருத்து மருத்துவர்களிடையே நெடுநாளாக உண்டு. தெற்குத் தாய்லாந்தில் டெங்கு இரத்தக்கசிவுக் காய்ச்சலுக்காகச் சேர்க்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி 2010இல் வெளியான ஆய்வும் இப்பாதிப்பை 1 சதவீதத்துக்கும் குறைவாகவே பதிவு செய்தது. ஆனால், பாதிக்கப்பட்ட அந்தச் சிலரில் பாதிக்கு மேற்பட்டோர் இறந்தனர். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஐயம் எழுகிறது. முற்றிய நிலைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால், எண்ணிக்கை சிறுத்தும் இறப்பு பெருத்தும்தான் தெரியும். தொடக்கநிலைப் பாதிப்பில் பெரும்பங்கு கண்ணுக்குத் தப்புகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

95 செ.மீ. உயரமும் 14 கிலோ எடையும் உள்ள மூன்று வயதுக் குழந்தையை எடுத்துக்கொள்வோம். உயரத்தை வைத்துக் கணக்கிடும் ஷ்வார்ட்ஸ் சூத்திரப்படி, சிறுநீரகத்தின் வடிதிறன் 120 எனக் கொண்டால், இக்குழந்தையின் இரத்தத்தில் அடிநிலைக் கிரியேட்டினின் டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 0.33 மி.கி. காய்ச்சலின் ஐந்தாம் நாளில் அது 0.6 என வருகிறது. அறிக்கையில் பெரியவர்களுக்கான வரம்பு அச்சாகியிருந்தால், எண்ணுக்குப் பக்கத்தில் எந்தக் குறியும் இராது. பணிநேர மருத்துவர் அடுத்த தாளைப் புரட்டிவிடுவார். அடிநிலையோடு ஒப்பிட்டால் இது 1.8 மடங்கு. சிறுநீரக நோய்க்கான பன்னாட்டு வழிகாட்டுதலான கேடிகோவின் 2012 வரையறைப்படி முதல்நிலைப் பாதிப்பு.

இதுவும் குறைத்துக் காட்டும் எண்தான். நீர்க்கசிவை ஈடுசெய்ய ஏற்றிய சலைனில் 1,400 மி.லி. உடலில் தங்கியிருந்தால், 8.4 லிட்டர் உடல்நீரில் கிரியேட்டினின் நீர்த்துப்போகும். அதைத் திருத்தினால் 0.7, அதாவது இரண்டாம் நிலை. உயிரைக் காக்கும் அதே திரவம் சிறுநீரகத்தின் முறையீட்டை மறைத்தும் விடுகிறது.

சிறுநீரின் அளவு இன்னொரு சாட்சி. மணிக்கு ஒரு கிலோவுக்கு 0.5 மி.லி. வேண்டும், இக்குழந்தைக்கு மணிக்கு 7 மி.லி. “ஒண்ணுக்குப் போனானா?” என்று கேட்டு, “போனான் சார்” என்று தாய் சொன்னதைக் கேஸ் ஷீட்டில் ஏற்றுவது அளவாகாது. டயபரை எடைபோட்டு, உலர்ந்த டயபரின் எடையைக் கழித்தாலே போதும். ஒரு கிராமை ஒரு மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். நெருக்கடியான வார்டில் செவிலியருக்கு இது கூடுதல் சுமைதான். எனினும் அதிர்ச்சிநிலைக் குழந்தைக்கு இதைவிட மலிவான கண்காணிப்பு வேறில்லை.

இரத்த ஓட்டம் குறைந்ததால் ஏறிய கிரியேட்டினின் திரவம் ஏற்றியதும் இறங்கிவிடும், அதற்குச் சிறுநீரகப் பாதிப்பு என்ற தனிப்பெயர் எதற்கு என்பர் சிலர். பலருக்கு அப்படியே நடக்கிறது, மறுக்கவில்லை. இறங்காதவர்களை என்ன செய்வது? தசை சிதைந்தாலும் சிவப்பணு உடைந்தாலும் வெளியாகும் நிறமிகள் சிறுநீர் நுண்குழல்களைத் தாக்கும். சோதனைப் பட்டையில் இரத்தம் எனக் காட்டி, நுண்ணோக்கியில் சிவப்பணு இல்லையென்றால் அங்கேயே சந்தேகம் வர வேண்டும். வயிற்றில் நீர் கோத்து அழுத்தம் ஏறினால் சிறுநீரகத்துக்கு இரத்தம் குறையும். அப்போது சிறுநீர் வரவில்லையென்று மேலும் சலைன் ஏற்றுவது எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றுவதாகும். ஆகவே பெயரிடுவது சிகிச்சையை மாற்றுகிறது: ஐபுபுரூஃபன், மெஃபனமிக் அமிலம் போன்ற வலிமருந்துகள் ஏற்கெனவே கொடுக்கப்பட்டனவா என்று கேட்கவும், ஜென்டாமைசின் போன்றவற்றைத் தவிர்க்கவும், திரவ வேகத்தை மறுபடி கணக்கிடவும், டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனைக்கு வேளையோடு அனுப்பவும் அது தூண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வகைப்பாடு, கடுமையான டெங்குவில் கல்லீரலுக்கு 1,000 என்று நொதி எல்லை வகுத்தது; சிறுநீரகத்துக்கு அப்படி ஓர் எண்ணைத் தரவில்லை. அந்த இடத்தை உயரம் சார்ந்த அடிநிலையைக் கொண்டு நிரப்பலாம். சேர்க்கும்போதே உயரத்தை அளந்து, எதிர்பார்க்கும் கிரியேட்டினினைக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிட வேண்டும். தட்டணு ஏறியதும் வீட்டுக்கு அனுப்பும் வழக்கத்திலும் ஒரு திருத்தம் தேவை: கிரியேட்டினின் ஒன்றரை மடங்கைத் தாண்டிய குழந்தைக்கு, அது அடிநிலைக்குத் திரும்பும்வரை மறுசோதனையும், சிறுநீரில் புரதம் உண்டா என்ற பரிசோதனையும் டிஸ்சார்ஜ் சீட்டிலேயே நாள் குறித்துத் தரப்பட வேண்டும்.