ஆனந்த் பட்வர்தன்

ஆனந்த் பட்வர்தன் (பிறப்பு: 1950, மும்பை) இந்திய ஆவணப்பட இயக்குநர். குடிசைப் பகுதி இடிப்பு, மதவாதம், சாதி வன்முறை, அணு ஆயுதம் ஆகியவற்றை அரை நூற்றாண்டாகப் படம் பிடித்து வருபவர். படம் எடுத்து முடித்ததோடு இவர் வேலை ஒருபோதும் முடிந்ததில்லை. தணிக்கை வாரியத்தோடும் தூர்தர்ஷனோடும் நடத்திய வழக்குகள் இவருடைய கலை வாழ்வில் சரிபாதி.

பீகாரில் ஜெயப்பிரகாஷ் நாராயண் நடத்திய இயக்கத்தைப் பற்றியது முதல் படமான ‘கிராந்தி கி தரங்கேன்’. 1975இல் நெருக்கடி நிலை வந்ததும் அது தலைமறைவானது. பிரதியொன்றைத் துண்டு துண்டாக வெட்டி வெளிநாட்டுக்குக் கடத்தினார்கள். பட்வர்தன் மேற்படிப்புக்குச் சென்ற கனடாவில் அத்துண்டுகள் மீண்டும் ஒட்டப்பட்டன. நாடு திரும்பியவர் அரசியல் கைதிகளைப் பற்றி ‘ஜமீர் கே பந்தி’ (1978) எடுத்தார். பம்பாய்க் குடிசைவாசிகளைப் பற்றிய ‘ஹமாரா ஷஹர்’ (1985) தேசிய விருது பெற்றது.

இவருடைய புலனாய்வு முறை முழுமையாக வெளிப்பட்டது ‘ராம் கே நாம்’ (1992) படத்தில். அயோத்தியில் 1949 டிசம்பரில் ஓரிரவு பாபர் மசூதிக்குள் சிலைகளை வைத்தவர்களில் தானும் ஒருவன் என்று ஒரு மடத்துத் துறவி கேமராவுக்கு முன்னால் கூச்சமின்றிச் சொல்கிறார். அவரை மடக்க முயலாமல் பேசவிட்டே இந்த வாக்குமூலத்தைப் பெறுகிறார் பட்வர்தன். அந்த இடத்துக்கு நீதிமன்றம் நியமித்த பூசாரி லால்தாஸ், அங்கே ராமர் கோயில் கட்டக் கோரும் இயக்கம் ஓட்டுக்கும் பணத்துக்குமான ஆட்டம் என்று அதே படத்தில் துணிந்து பேசுகிறார். 1993இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். சிறந்த புலனாய்வுப் படத்துக்கான தேசிய விருதை ‘ராம் கே நாம்’ படத்துக்கு அரசே கொடுத்தது. அரசுத் தொலைக்காட்சியான தூர்தர்ஷனோ உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் படத்தை ஒளிபரப்பியது.

பொக்ரான் அணுகுண்டுச் சோதனைகளையொட்டி எடுத்த ‘ஜங் அவுர் அமன்’ (2002) படத்தில் 21 இடங்களை வெட்டச் சொன்னது தணிக்கை வாரியம். ஓரிடத்தையும் வெட்டாமல் வெளியிட 2003இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அனுமதித்தது.

உருவாக 14 ஆண்டுகள் பிடித்த படம் ‘ஜெய் பீம் காம்ரேட்’ (2011). 1997 ஜூலை 11 அன்று மும்பையின் காட்கோபர் பகுதியிலுள்ள ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போடப்பட்டது. எதிர்த்துத் திரண்ட தலித் மக்கள் மீது போலீஸ் சுட்டதில் 10 பேர் இறந்தார்கள். ‘ஹமாரா ஷஹர்’ படத்தில் பாடிய மக்கள் பாடகர் விலாஸ் கோக்ரே, சில நாட்களில் தூக்கிட்டு உயிர்விட்டார். அந்தச் சாவின் காரணத்தைத் தேடிப் போகும் படம், துப்பாக்கிச் சூட்டை நியாயப்படுத்தப் போலீஸ் காட்டிய வீடியோவையும் விடாமல் ஆராய்கிறது. பட்வர்தன் படங்களில் ஆகச் சிறந்தது இதுவே.

‘விவேக்’ (2018) தபோல்கர், பன்சாரே முதலிய பகுத்தறிவாளர்களின் கொலைகளைப் பின்தொடர்கிறது. ஆம்ஸ்டர்டாம் ஆவணப்பட விழாவில் முதன்மை விருது பெற்ற இப்படம், 2019இல் கேரள விழாவில் திரையிடப்படவும் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. ‘வசுதைவ குடும்பகம்’ (2023) பட்வர்தனின் பெற்றோரைப் பற்றியது.

இவர் படங்களைப் பார்க்கத் தொடங்குவோர் ‘ராம் கே நாம்’ படத்தை முதலில் பார்க்கலாம். அதை அவரே யூடியூபில் இலவசமாக ஏற்றியிருக்கிறார்.