ஈஸ்ட் பெங்கால் கழகமும் தென்னாட்டு ஐவரும்

உலகப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு கிழக்கு வங்காளம் எங்கே என்று தேடுவோருக்கு இன்று அது அகப்படாது. 1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் பாகிஸ்தானின் பகுதியாகிய அந்த மாகாணம், 1955இல் கிழக்குப் பாகிஸ்தான் என்று பெயர் மாற்றம் பெற்றது. 1971இல் வங்க தேசம் என்னும் தனி நாடாயிற்று. ஆயினும் பழைய பெயர் அடியோடு மறைந்துவிடவில்லை. கல்கத்தா நகரில் ஒரு கால்பந்துக் கழகம் அதனை இன்றும் தாங்கி நிற்கிறது. ஈஸ்ட் பெங்கால் என்பது அக்கழகத்தின் பெயர். அதன் வரலாற்றில் தென்னாட்டவராகிய நமக்கும் ஒரு பங்கு உண்டு; அதனால்தான் இப்பேச்சுக்கு அதனைப் பொருளாகக் கொண்டேன்.

கல்கத்தாவில் முதலில் பெரும்புகழ் எய்திய இந்தியக் கழகம், 1889இல் தோன்றிய மோகன் பகான். 1911 ஜூலை 29ஆம் நாள் அது ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்ட் என்னும் ஆங்கிலப் பட்டாளத்து அணியை 2-1 என்ற கணக்கில் வென்று ஐ.எப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. வென்ற பதினொருவரில் பதின்மர் பூட்சு அணியாமல் வெறுங்காலுடன் ஆடியவர்கள். நாடே அவ்வெற்றியைத் தன் வெற்றியாகக் கொண்டாடியது. ஆனால் ஊர்ப் பெருமை ஒன்றாக இருந்தாலும் வீட்டுக்குள் வேற்றுமை இருக்கத்தானே செய்கிறது! பத்மா நதிக்கு அப்பாலிருந்து கல்விக்கும் வேலைக்கும் நகரத்துக்கு வந்தவர்களைப் 'பாங்கால்' என்று அழைத்து, அவர்களுடைய பேச்சையும் நடையையும் நகரத்தார் நகையாடுவது வழக்கம். மேற்கு வங்கத்தார் 'கோட்டி' எனப்பட்டனர்.

1920 ஜூலை 28ஆம் நாள் மோகன் பகானுக்கு எதிராக ஜோராபகான் கழகம் ஆடவிருந்தது. அவ்வணியிலிருந்து சைலேஷ் போஸ் என்னும் ஆட்டக்காரர் நீக்கப்பட்டார். அவர் கிழக்கு வங்கத்தவர். ஜோராபகான் கழகத்தின் துணைத் தலைவராயிருந்த சுரேஷ் சந்திர சௌதுரியும் அப்பகுதியைச் சேர்ந்தவரே. அவர் காரணம் கேட்டார். மனம் ஆறும் விடை கிடைக்கவில்லை. கழகத்தை விட்டு வெளியேறி, நண்பர் சிலருடன் கூடி, ஆகஸ்டு 1ஆம் நாளே புதிய கழகத்தைக் கண்டார். இடையில் கழிந்தவை நான்கே நாட்கள்! மானம் கருதி எழுந்த காரியங்களுக்கு நல்ல நாள் பார்க்க நேரம் இராது போலும்.

சிவப்பும் பொன்னிறமும் பூண்ட அக்கழகம் 1925இல் கல்கத்தா லீகின் முதற் பிரிவில் இடம் பெற்றது. அவ்வாண்டு மே 28ஆம் நாள் லீகில் மோகன் பகானை முதன்முறையாக எதிர்த்து, ஒரு கோலால் வென்றது. லீக் பட்டம் 1942இலும், கேடயம் 1943இலும் வந்து சேர்ந்தன.

பிறகு வந்தது பிரிவினை. வீடும் நிலமும் விட்டு, கையில் அகப்பட்ட மூட்டையோடு சியால்டா ரயில் நிலையத்தில் வந்து இறங்கிய மக்களுக்கு, அந்த மேடைகளே பல நாள் வீடாக இருந்தன. ஜாதவ்பூர்ப் பக்கத்திலும் பிற இடங்களிலும் அகதிகளின் குடியிருப்புகள் எழுந்தன. ஊர் போயிற்று; ஊரின் பெயரை உரக்கச் சொல்வதற்கு ஓர் இடம் மட்டும் எஞ்சியிருந்தது. அதுவே கால்பந்து மைதானம். தம் கழகம் வென்ற நாளில் கிழக்கத்தியார் ஹில்சா மீன் வாங்குவர். மோகன் பகான் வென்றால் எதிர்த்தரப்பார் இறால் வாங்குவர். சமையற்கட்டு வரை சென்ற போட்டி அது.

இத்தகைய கழகத்துக்கு, அதன் மக்கள் மிகவும் நொந்திருந்த காலத்தில், புகழ் தேடித் தந்தவர்கள் யார் தெரியுமா? வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே என்னும் ஐவர். ஒருவர்கூடக் கிழக்கு வங்கத்தில் பிறந்தவர் அல்லர்; வங்காளியே அல்லர். அகமது கான் பெங்களூர்க்காரர். சாலே திருவிதாங்கூர்ச் சீமையின் கோட்டயத்தைச் சேர்ந்தவர். அப்பாராவ் ஆந்திரர். இவர்களைத் திரட்டிச் சேர்த்ததில் கழகச் செயலாளர் ஜோதிஷ் சந்திர குகாவின் கைத்திறன் பெரிது. 1949 முதல் 1953 வரை ஐவரும் முன்வரிசையில் சேர்ந்து ஆடினர். 1949, 1950, 1951 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து கேடயம் ஈஸ்ட் பெங்காலுக்கே. மக்கள் அவர்களைப் 'பஞ்ச பாண்டவர்' என்று அழைத்தனர்.

இப்பெயரைச் சற்றே எண்ணிப் பாருங்கள். 1946இல் மதக் கலவரத்தால் இரத்தம் சிந்திய நகரம் கல்கத்தா. மைதானத்தில் ஆர்ப்பரித்தவர்களோ, அதே பகையினால் வீடிழந்து வந்த இந்துக்களில் பலர். அவர்கள் கொண்டாடிய பாண்டவர் ஐவரில் இருவர் முஸ்லிம்கள்! பட்ட துன்பம் அவர்கள் நெஞ்சில் ஆறியிருந்தது என்று சொல்லத் துணியேன். ஆட்டம் முடிந்து குடிசைக்குத் திரும்புகையில் பழைய கசப்பும் கூடவே திரும்பியிருக்கலாம். எனினும் அந்தப் பெயர் வழங்கிற்று, இன்றும் வழங்குகிறது.

வேற்றூரார் வந்து ஓர் ஊருக்குப் பெருமை தேடித் தருவது நமக்குப் புதிதன்று. திருவண்ணாமலையில் மலையை வலம் வருவோர், மலைக்குப் பின்புறம் அடி அண்ணாமலையில் மாணிக்கவாசகருக்குரிய கோயிலைக் காண்பர். பாண்டி நாட்டுத் திருவாதவூரில் பிறந்த அவர் திருவெம்பாவையைப் பாடியது அவ்விடத்தில் என்பது வழிவழி வந்த செய்தி. பாடியவர் எவ்வூரார் என்று கேட்டா அவ்வூரார் அதனைத் தமதாகக் கொண்டனர்?

இதற்கு நேர்மாறான ஒரு கழகம் மெக்ஸிகோ நாட்டில் உண்டு. குவாடலஹாரா நகரில் 1906இல் எட்கர் எவரார்ட் என்னும் பெல்ஜியர், பிரெஞ்சுக்காரரையும் மெக்ஸிகரையும் சேர்த்துக்கொண்டு தொடங்கிய கழகம் அது. ஆனால் காலப்போக்கில் மெக்ஸிகோ மக்களை மட்டுமே ஆட்டக்காரராகக் கொள்வது என்ற கொள்கையைக் கைக்கொண்டது. 1957 தொடங்கி 1965 முடிய ஏழு முறை லீக் பட்டம் வென்று, அயலார் துணையின்றியும் உயரலாம் என்று காட்டியது. அயலார் நட்ட செடியில் உள்நாட்டுப் பூ மட்டுமே பூக்கிறது அங்கே. உள்நாட்டார் நட்ட செடியில் எந்நாட்டுப் பூவும் பூத்தது கல்கத்தாவில். இரண்டில் எது சிறந்தது? என் மனம் கல்கத்தாவின் பக்கமே சாய்கிறது.

அதற்காகக் கல்கத்தாவின் வெறியை மறைப்பதற்கில்லை. 1975ஆம் ஆண்டுக் கேடய இறுதியாட்டத்தில் ஈஸ்ட் பெங்கால் 5-0 என்று மோகன் பகானை வென்றது. அத்தோல்வி பலரை நெடுங்காலம் வாட்டியது. 1980 ஆகஸ்டு 16ஆம் நாள் ஈடன் தோட்டத்தில் இவ்விரு கழகங்களும் மோதியபோது கலகமும் நெரிசலும் மூண்டு பதினாறு பேர் உயிரிழந்தனர். ஆட்டம் பார்க்கப் போய் வீடு திரும்பாதவர்கள் அவர்கள். கோட்டி, பாங்கால் என்ற சொற்கள் அன்று விளையாட்டுச் சொற்களாக இல்லை.

2020 முதல் கழகம் இந்தியன் சூப்பர் லீகில் ஆடி வருகிறது. அதன் பெயரில் உள்ள நிலத்தைக் கண்ணால் கண்டறியாத தலைமுறையே இன்று அதற்காகக் குரல் எழுப்புகிறது. பாண்டவர் ஐவரில் கடைசியாக எஞ்சியிருந்த அகமது கான், 2017 ஆகஸ்டு மாதத்தில் தம் ஊராகிய பெங்களூரில் காலமானார்.